முப்பது வருஷம் நின்ற ஜிஎம்சி ராணுவ லாரி: எங்கிருந்து ஆரம்பிப்பது?

புதுத்துரு எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தவன், இப்போது உள்ளே வந்துவிட்டேன். காரணம், கொட்டகையில் நிற்கும் ஒரு ஜிஎம்சி சிசிகேடபிள்யூ. இரண்டரை டன், ஆறுக்கு ஆறு (ஆறு சக்கர இடத்தையும் இன்ஜின் சுற்றும்; பின்னால் இரட்டை டயர்), நீளமான 353 சேஸிஸ், இரும்புக் கேபின். தகட்டில் 1942 என்று இருக்கிறது. கடைசி முப்பது வருஷம் யாரும் தொடவில்லை. நான் வாங்கிய நாளில் இருந்து வீட்டிலும் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

நிலவரம் இதுதான். இன்ஜின் சுற்றவில்லை. பிரேக் பெடல் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. பத்துச் சக்கரத்தில் நான்கில் இன்னும் காற்று இருக்கிறது, அதுவே ஆச்சரியம். மேல் பெயிண்ட் சிவப்பு, பாதி உரிந்துவிட்டது. கேபின் தரையில் இருக்கும் ஓட்டை வழியாக நிலம் தெரிகிறது.

முதலில் முழுக்கச் சுரண்டி, பிரைமர் அடித்து, ராணுவப் பச்சை அடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். வண்டி பார்க்க அழகாக இருந்தால் மற்ற வேலைக்கு உற்சாகம் வரும் இல்லையா? அப்புறம் இன்ஜின். எந்தப் பச்சை சரி என்று யாராவது சொன்னால் இந்த வாரமே வாங்கிவிடுவேன்.

கிரீஸ்கை எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. பச்சையை இப்போது வாங்காதீர்கள்.

முதலில் பெயிண்ட் அடித்த வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியே மாப்பிள்ளை மாதிரி இருக்கும், உள்ளே முப்பது வருஷத்துப் பிரேக் ஆயில். அப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் அந்தப் புதுப் பெயிண்ட் மேல்தான் ஸ்பானர் வழுக்கும், ஆயில் சிந்தும். கடைசியில் இரண்டாவது முறை அடிக்க வேண்டும்.

இது ஜீப் இல்லை. காலி வண்டியே நாலரை டன்னுக்கு மேல். என் முதல் லாரியில் இன்ஜின் வாங்கிய மூன்றாம் நாளே ஓடிவிட்டது. சந்தோஷத்தில் முதல் கியர் போட்டு இருபதடி நகர்த்தினேன். பெடலை மிதித்தேன், பஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. ஒரு செங்கல் சுவர்தான் என்னை நிறுத்தியது. சுவரை மறுபடி கட்டிக் கொடுத்தேன். லாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதுதான் இன்னும் அவமானம்.

அதனால் முதலில் பிரேக். உங்கள் வண்டியில் ஹைட்ராலிக் பிரேக் ஒரே சுற்று. இந்தக் காலத்து வண்டி மாதிரி முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று கிடையாது. ஆறு வீல் சிலிண்டரில் ஒன்று பிய்த்துக்கொண்டாலும் ஆறும் போய்விடும். ‘கசியுறதை மட்டும் மாற்றுவோம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆறு சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், எல்லா ரப்பர் ஹோஸ், எல்லா இரும்புக் குழாய், ஒரே தடவையில் மாற்றுங்கள்.

அடுத்தது ஹைட்ரோவாக். அது இன்ஜினின் வேக்குவத்தில் வேலை செய்யும் உதவிதான். அது செத்தாலும் பிரேக் இருக்கும், ஆனால் இரண்டு காலையும் வைத்து மிதிக்க வேண்டிவரும். உள்ளே சீல் கிழிந்தால் பிரேக் ஆயிலை இன்ஜினே உறிஞ்சிக் குடித்துவிடும். வெளியே ஒரு சொட்டும் கசியாமல் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, சைலன்ஸரில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் ஹெட் கேஸ்கெட் என்று நினைத்து ஹெட்டைக் கழற்றியவன்.

கைபிரேக்கை நம்பி ஜாக்கி போடாதீர்கள். அது கியர்பாக்ஸ் பக்கத்து ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது, சக்கரத்தை இல்லை. ஷாஃப்டைக் கழற்றினால் கைபிரேக்கும் போயிற்று. சக்கரத்துக்கு நல்ல கனமான கட்டை, சேஸிஸுக்குக் கீழே எடைக்கு ஏற்ற ஸ்டாண்டு. செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம்.

தூசுமேகம் எழுதியது:

கிரீஸ்கை அண்ணா சொன்னது எல்லாம் சரி. ஆனால் பிரேக்கைத் தொட வேண்டுமானால் முதலில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஆட்கள் செத்துப்போவது அங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பெட்ஃபோர்டு கியூஎல். அந்த மாதிரி பிரிட்டிஷ் வண்டிகளில் ரிம் இரண்டு பாதி, நடுவே நட்டு போட்டு இறுக்கியிருக்கும். சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் நட்டு ஒரு வட்டம், ரிம்மின் இரண்டு பாதியைப் பிடிக்கும் நட்டு இன்னொரு வட்டம். இரண்டாவது வட்டத்துக்குச் சிவப்பு அடித்துவைப்பார்கள். டயரில் காற்று இருக்கும்போது அந்தச் சிவப்பைக் கழற்றினால் ரிம் இரண்டாகப் பிரிந்து முகத்தில் அடிக்கும். யாரோ ஒருவர் அதன் மேல் பச்சை அடித்து மூடியிருந்தால் எது எது என்றே தெரியாது. நான் வாங்கிய வண்டியில் அப்படித்தான் இருந்தது. அமெரிக்க டாட்ஜ் டபிள்யூசி, வில்லிஸ் ஜீப் வகைகளில் வரும் காம்பட் ரிம்மும் இரண்டு பாதி போல்ட் போட்டதுதான்.

உங்கள் ஜிஎம்சியில் லாக் ரிங். வளையம் ஒன்று பள்ளத்தில் உட்கார்ந்து டயரைப் பிடிக்கும். முப்பது வருஷத் துருவில் அந்தப் பள்ளம் அரித்திருக்கும். வளையம் உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் உட்கார்ந்திருக்காது. காற்று ஏற ஏற, ஒரு கட்டத்தில் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும்.

அந்த நான்கு காற்றுள்ள டயரைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். பயப்பட வேண்டியது அந்த நான்கைத்தான். நட்டில் ஸ்பானர் வைப்பதற்கு முன்னால் வால்வு ஊசியைக் கழற்றி எல்லாக் காற்றையும் விடுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் உள் டயர், வெளி டயர் இரண்டிலும். காற்று நின்ற பிறகு ஒரு கம்பியை வால்வு உள்ளே விட்டுப் பாருங்கள், சில சமயம் துருத்தூள் அடைத்துக்கொண்டு காற்று போய்விட்ட மாதிரி நடிக்கும்.

திரும்பக் காற்று அடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வையுங்கள். நீளமான ஹோஸ், கிளிப் வைத்த முனை. நீங்கள் நிற்க வேண்டியது டயரின் ஓடும் பக்கத்துக்கு நேராக, வளையத்துக்கு எதிரே இல்லை. வளையம் சரியாக உட்காரவில்லை என்று காற்றோடு சுத்தியலால் தட்டுகிற பழக்கம் யாருக்காவது இருந்தால், அவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அவ்வளவுதான். வளைந்த வளையத்தை நிமிர்த்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

இரட்டைக்கிளட்ச் எழுதியது:

ஒரு சின்ன விஷயம். இடது பக்கச் சக்கர நட்டு இடது மரை, வழக்கத்துக்கு எதிராகச் சுற்றினால்தான் கழறும். எல்லாரும் வழக்கமான திசையிலேயே ஸ்பானருக்குக் குழாய் போட்டு நீட்டி இறுக்கி, ஸ்டட்டை முறித்துவிட்டு, அப்புறம்தான் ஸ்டட் முனையில் இருக்கும் ‘எல்’ எழுத்தைப் பார்ப்பார்கள். நான் மூன்று முறித்தேன்.

ஆறுக்குஆறு எழுதியது:

வண்டி விவரம் யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். சிசிகேடபிள்யூ என்பது ஜிஎம்சியின் குறியீடு. முதல் சி 1941 வடிவமைப்பு, இரண்டாவது சி சாதாரண கேபின், கே என்றால் முன்சக்கர டிரைவ், டபிள்யூ என்றால் பின்னால் இரண்டு டிரைவ் ஆக்ஸில். 1941-ல் இருந்து 1945 வரை 5,60,000-க்கும் மேல் செய்தார்கள். இன்ஜின் 270 கன அங்குலம், ஆறு சிலிண்டர், வால்வு மேலே. நிலத்திலும் நீரிலும் ஓடும் டக் வண்டியிலும் இதே இன்ஜின்தான். ஓடிக்கொண்டே டயர் காற்றை ஓட்டுநர் இருக்கையில் இருந்து ஏற்றி இறக்கும் வசதி முதலில் வந்ததும் அந்த டக்கில்தான். 21,000 சொச்சம் செய்தார்கள்.

உதிரிபாகம் தேடும்போது ஜி508 என்ற எண்ணைப் போட்டுத் தேடுங்கள், ராணுவச் சரக்குப் பட்டியலில் இந்த வண்டியின் எண் அது. டாட்ஜ் முக்கால் டன் ஜி502, ஜீப் ஜி503. கையேடு டிஎம் 9-801. அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

முக்கியமானது: ஆர்டர் போடுவதற்கு முன் வண்டிக்குக் கீழே படுத்து டிபரன்சியலை, அதாவது ஆக்ஸில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியைப் பாருங்கள். இதில் இரண்டு வகை ஆக்ஸில் வந்தது. நடுவில் இரண்டாகப் பிளந்து போல்ட் போட்டிருந்தால் டிம்கன் ஸ்ப்ளிட் வகை. உருண்டையாக ஒரே வார்ப்பாக இருந்தால் பாஞ்சோ வகை. ஒன்றின் பாகம் மற்றதற்குச் சேராது.

கிரீஸ்கை எழுதியது:

இவர் டக்கைப் பற்றிச் சொல்லாமல் ஒரு இழையும் முடிந்ததில்லை. ஆனால் ஆக்ஸில் விஷயம் தங்கமான யோசனை.

புதுத்துரு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெயிண்ட் வாங்கவில்லை. காற்றை எல்லாம் விட்டுவிட்டேன். தூசுமேகம் சொன்ன மாதிரியே ஒரு டயரில் வால்வு அடைத்துக்கொண்டிருந்தது. கம்பி விட்டதும் சீறிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அப்புறம் வேலை செய்யவில்லை, வெளியே உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

ஆக்ஸில் பாஞ்சோ. இரண்டு கேள்வி. இன்ஜினை எப்படி அசைப்பது? அப்புறம், இது 6 வோல்ட். எல்லாரும் 12-க்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

மின்கம்பி எழுதியது:

இரண்டாவதுக்கு நான் பதில் சொல்கிறேன். மாற்றாதீர்கள், இப்போதைக்கு.

‘6 வோல்ட் ஸ்டார்ட் ஆகாது’ என்று சொல்கிறவர்கள் வண்டியில் போய்ப் பாருங்கள், 12 வோல்ட் காருக்கு விற்கிற மெல்லிய பேட்டரி கேபிள் போட்டிருப்பார்கள். அதே வேலையைச் செய்ய 6 வோல்ட்டுக்கு இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும். கேபிளும் அதற்கு ஏற்ற தடிமன் வேண்டும், கட்டை விரல் மாதிரி. வழியில் ஒரு வோல்ட் தொலைந்தால் 12-ல் பன்னிரண்டில் ஒரு பங்கு போகும், 6-ல் ஆறில் ஒரு பங்கு. 6 வோல்ட் கதை முழுக்க இதுதான்.

மீட்டரை எடுத்து, யாராவது செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைக்கும் செல்ஃப் மோட்டார் முனைக்கும் நடுவே எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். அப்புறம் பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவே. பெரும்பாலும் குற்றவாளி எர்த் பட்டைதான். பெயிண்ட் மேல் எர்த் போல்ட் போட்டவர்களை நான் மன்னிப்பதில்லை. இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, அப்புறம் மேலே கிரீஸ் தடவுங்கள்.

வயர் மேல் பின்னிய உலோக உறை, சில இடத்தில் சின்ன கண்டென்சர்கள் இருந்தால் பிய்த்து எறியாதீர்கள். ரேடியோவில் இரைச்சல் வராமல் இருக்க வைத்தது. பழைய துணிச் சுற்று வயரை நம்பாதீர்கள், வளைத்தால் தூளாகக் கொட்டும். புதிதாக இழுங்கள், ஆனால் பழைய வயர்த் தொகுப்பை அப்படியே மேஜையில் விரித்துவைத்து அளவெடுத்து இழுங்கள்.

கிரீஸ்கை எழுதியது:

இன்ஜின். செல்ஃப் அடித்துத் திருப்பப் பார்க்காதீர்கள், வண்டியைக் கட்டி இழுத்துக் கியரில் போடவே போடாதீர்கள். முதலில் கீழே சம்ப் (ஆயில் தொட்டி) போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். முதலில் வருவது தண்ணீரா ஆயிலா என்று தெரிந்துவிடும். தண்ணீர் கொஞ்சம்தான் என்றால் பயம் வேண்டாம்.

ஆறு பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றுங்கள். நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டு வாரம் மறந்துவிடுங்கள், நடுவில் ஒருமுறை இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். மேல் கவரைத் திறந்து வால்வுகளுக்கும் எண்ணெய் விடுங்கள். பிஸ்டன் விட்டுக்கொடுத்தும் வால்வு ஒட்டியிருந்தால் அதைத் தள்ளும் புஷ்ராடு வளையும். அப்புறம் ஃபிளைவீல் பல்லில் கம்பி வைத்து முன்னே ஒரு நூல், பின்னே ஒரு நூல். அசைந்தால் அவசரப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிடாதீர்கள், ஆட்டிக்கொண்டே இருங்கள்.

உப்புத்தாள் எழுதியது:

எல்லாரும் வண்டியைக் காப்பாற்றுகிறீர்கள், ஆளை யார் காப்பாற்றுவது?

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றால் ஊதுவது கை தானாகச் செய்யும் வேலை, அதைச் செய்யாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம், பிரைமரில் குரோமேட். காய்ந்த நிலையில் மெஷின் போட்டுத் தேய்த்தால் அவ்வளவும் மூச்சில் போகும். எம்35 மாதிரி பிந்திய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: 1980-களில் இருந்து அமெரிக்க ராணுவம் அடித்த ரசாயனத் தடுப்புப் பெயிண்டையும் முகமூடி இல்லாமல் தேய்க்கவோ வெட்டவோ சூடாக்கவோ கூடாது.

அடுத்தது மீட்டர்கள். அந்தக் காலத்துச் சில மீட்டர்களில் முள்ளும் எண்ணும் இருட்டில் ஒளிர ரேடியம் தடவியிருப்பார்கள். இப்போது ஒளிராது. அதனால் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. தேய்ந்துபோவது ஒளிரும் பொடிதான், ரேடியம் பாதியாகக் குறைய 1,600 வருஷம் ஆகும். கண்ணாடியைத் திறந்து முள்ளைச் சுரண்டி அழகுபடுத்தும் வேலை வேண்டாம். திறக்காமல் இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை.

துருவுக்கு: சின்ன பாகங்களுக்குச் சலவை சோடாத் தண்ணீரில் மின்சாரம் விடுவது நல்ல முறை. நேர்முனைக்குச் சாதா இரும்பு போடுங்கள். ஸ்டெயின்லெஸ் போட்டால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். பட்டை ஸ்பிரிங், கடினமான போல்ட் எதையும் இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் உள்ளே போய் இரும்பு முறியும் குணத்துக்கு வந்துவிடும். பொறுமை இருந்தால் வெல்லப்பாகுத் தண்ணீரில் மூன்று வாரம் ஊறப்போடுங்கள். நாறும், ஆனால் நல்ல இரும்பைத் தொடாது.

புதுத்துரு எழுதியது:

நான்கு மாதம் கழித்து வருகிறேன். இன்ஜின் இருபத்திரண்டாம் நாள் அசைந்தது. சத்தம் எதுவும் இல்லை, கம்பி மட்டும் கையில் இருந்து கொஞ்சம் நகர்ந்தது. பொய் என்று நினைத்து மறுபடி தள்ளிப் பார்த்தேன். பிரேக் எல்லாம் புதுசு. எந்த ஆயில் ஊற்றுவது என்பதில்தான் நிற்கிறேன். சிலிகான் என்று ஒருவர், சாதா என்று ஒருவர்.

இவ்வளவு நாள் ஆனது எரிச்சலாக இருக்கிறது.

இரட்டைக்கிளட்ச் எழுதியது:

1919-ல் அமெரிக்க ராணுவ லாரி அணி ஒன்று வாஷிங்டனில் இருந்து சான்ஃபிரான்சிஸ்கோ போனது. 62 நாள். இளம் அதிகாரியாக ஐசன்ஹோவரும் கூடப் போனார். உங்கள் வண்டி நான்கு மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் சுற்றியிருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் பரவாயில்லை.

மின்கம்பி எழுதியது:

எல்லா ரப்பரும் குழாயும் புதுசு என்றால் சிலிகான், அதாவது டாட் 5, நல்லது. தண்ணீரை உறிஞ்சாது, மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அதுதான் வேண்டும். பெயிண்டையும் உரிக்காது. ஆனால் ஒரு சொட்டுப் பழைய ஆயில்கூட உள்ளே இருக்கக் கூடாது, இரண்டும் கலக்காது. டப்பாவைக் குலுக்காதீர்கள், நுரை உள்ளே போனால் ஏர் எடுத்து மாளாது. டாட் 5.1 என்று எழுதியிருப்பது சிலிகான் இல்லை, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சந்தேகம் இருந்தால் சாதா ஆயிலான டாட் 4 ஊற்றி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், அதுவும் குற்றம் இல்லை.

புதுத்துரு எழுதியது:

பிரேக் ஆயில் முடிந்தது. இப்போது வேறொன்று.

பானெட்டின் இடது பக்கத்தில் சிவப்பு உரிந்த இடத்தில் ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சிவப்புக்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே மங்கிய பச்சை. பச்சை மேல் எண் தெரிகிறது. வெள்ளை இல்லை, ஒரு மாதிரி புகை படிந்த நீலம். 4-ல் ஆரம்பிக்கிறது, கடைசியில் ‘எஸ்’. நடுவில் இரண்டு எண் இன்னும் தெரியவில்லை. தேய்த்துக்கொண்டே போகட்டுமா?

உப்புத்தாள் எழுதியது:

நிறுத்துங்கள். கையில் இருப்பதைக் கீழே வையுங்கள்.

ஆறுக்குஆறு எழுதியது:

அருமை! 4 என்றால் இரண்டரை டன் வகை லாரி. ஜீப் மாதிரி சின்ன வண்டிகள் 2-ல் ஆரம்பிக்கும். ‘எஸ்’ என்பது ரேடியோ இரைச்சல் தடுப்பு சரிபார்த்த வண்டி, மின்கம்பி அக்கா சொன்ன அந்த உலோக உறை இதற்குத்தான். நீலம் சரியான நீலம். முதல் வருஷங்களில் தூரத்தில் இருந்து தெரியக் கூடாது என்று பச்சை மேல் மங்கிய நீலத்தில் எழுதினார்கள். பக்கத்தில் இருந்தும் தெரியவில்லை என்று பிறகு வெள்ளைக்கு மாறினார்கள். உங்களுடையது அந்த முதல் எண்ணாக இருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

உப்புத்தாள் எழுதியது:

இப்போது வழி. முதலில் படம் எடுங்கள், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து. அப்புறம் 1000-க்கு மேல் உள்ள தாள், நிறையத் தண்ணீர், இரண்டு விரல் அகலம், பத்துத் தேய்ப்பு, துடைத்துப் பார்ப்பது. இயந்திரம் கூடாது. எண் முழுக்கத் தெரிந்ததும் ஒளி ஊடுருவும் தாளை ஒட்டி எழுத்து வடிவத்தை அப்படியே பிரதி எடுங்கள். அப்புறம் அந்தத் தகட்டைத் தொடவே தொடாதீர்கள். அதன் மேல் பச்சை அடித்து அதே எண்ணைப் புதிதாக எழுதுவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. ஏட்டைக் கிழித்துவிட்டு அதிலிருந்ததை மறுபடி எழுதிவைக்கிற மாதிரி.

தூசுமேகம் எழுதியது:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கப்போவதில்லை, வெயிலிலும் மழையிலும் ஓடப்போகிறது. எண்பது வருஷத்துப் பெயிண்ட் இரும்பைக் காக்காது. பிரதி எடுத்த பிறகு முழுக்கச் சுத்தம் செய்து, பிரைமர் அடித்து, 1942-ல் தொழிற்சாலையை விட்டு வந்த மாதிரி ஆக்குவதுதான் வண்டிக்கு மரியாதை.

உப்புத்தாள் எழுதியது:

தொழிற்சாலையை விட்டு வந்த மாதிரி என்றால் எந்தப் பச்சை? எல்லாரும் எஃப்எஸ் எண் (அமெரிக்க அரசின் நிற அட்டவணை எண்) ஒன்றைச் சொல்லி இதுதான் அசல் என்கிறார்கள். அந்த எஃப்எஸ் 595 அட்டவணையே 1956-ல்தான் வந்தது. 1942 வண்டிக்கு அது பின்னால் வந்தவர்கள் செய்த ஒப்பீடு, அவ்வளவுதான். பெயிண்ட் செய்த இடத்துக்கு இடம், டப்பாவுக்கு டப்பா வித்தியாசம் இருந்தது, பளபளப்பு இல்லாத பெயிண்ட் வெயிலில் சீக்கிரம் வெளுத்தது. அசல் பச்சை வேண்டும் என்றால் டேஷ்போர்டுக்குப் பின்னால், கருவிப்பெட்டி மூடிக்குள், வெயில் படாத இடத்தில் தேடட்டும். அவர் வண்டியே அவருக்கு மாதிரி கொடுக்கும்.

இன்னொன்று. சிவப்பும் சாம்பலும் பொய்யா? போர் முடிந்ததும் இந்த வண்டிகள் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டன. மரம் இழுத்தன, தீயணைத்தன, பண்ணையில் உழைத்தன. ராணுவத்தில் மூன்று வருஷம், வெளியே முப்பது வருஷம். மூன்று வருஷத்தைக் காட்ட முப்பதைச் சுரண்டிப் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

தூசுமேகம் எழுதியது:

அந்தச் சிவப்பு யாரோ மிச்சமிருந்த டப்பாவைப் பிரஷ் வைத்து அடித்தது. அதற்கு இவ்வளவு கவிதை வேண்டாம் உப்புத்தாள்.

கிரீஸ்கை எழுதியது:

வண்டி அவருடையது. கேபின் தரை ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறதா, அதை யாராவது கேட்டீர்களா?

புதுத்துரு எழுதியது:

ஓட்டை அடைத்துவிட்டேன் அண்ணா. பட்டி இல்லை, நல்ல தகடு வெட்டி வெல்டிங். சேஸிஸில் வெல்டிங் வைக்கவில்லை, ரிவெட் தளர்ந்த இரண்டு இடத்தில் ரிவெட்டே அடித்தேன்.

பெயிண்ட் பற்றி ஒரு வாரம் யோசித்தேன். பானெட்டின் இரண்டு பக்கத் தகடும், இடது கதவும் இருக்கிறபடியே இருக்கும். சிவப்பு, சாம்பல், பச்சை மூன்றும் தெரியட்டும், மேலே மெழுகு மட்டும் போடுகிறேன். மற்ற இடத்தில் கருவிப்பெட்டிக்குள் கிடைத்த பச்சை. தூசுமேகத்துக்கும் பிடிக்காது, உப்புத்தாளுக்கும் முழுக்கப் பிடிக்காது.

தூசுமேகம் எழுதியது:

பிடிக்கவில்லை. படம் போடுங்கள்.

இரட்டைக்கிளட்ச் எழுதியது:

ஓட்டுவதற்கு முன் இரண்டு வார்த்தை. கியர்பாக்ஸில் பற்களின் வேகத்தைத் தானே சமன்செய்யும் சிங்க்ரோ கிடையாது. மேலே ஏற்றும்போது கிளட்ச் மிதித்து நியூட்ரல், விட்டு மறுபடி மிதித்து அடுத்த கியர். இறக்கும்போது நியூட்ரலில் கிளட்சை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டர் ஒரு தட்டு, அப்புறம் கியர். பல் கத்தினால் கையால் தள்ளாதீர்கள், காதால் கேளுங்கள். இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், நடுவழியில் கியர் தேடினால் கிடைக்காது.

வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர்தான் ராணுவம் அனுமதித்தது. லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கொடுத்தால் சந்தோஷப்படுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய பம்ப் டயாஃப்ராமைக் கரைத்துவிடும், அதைப் புது ரப்பராக மாற்றியிருக்கிறீர்கள்தானே? கியர் ஆயில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், உள்ளே வெண்கலப் பாகங்களை அரிக்கலாம், ஜிஎல்-4 போதும்.

கிரீஸ்கை எழுதியது:

நிறுத்திவைக்கும் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கம் வேண்டாம். இன்ஜின் சூடாவதற்குள் அணைத்தால் சைலன்ஸரிலும் ஆயிலிலும் தண்ணீர்தான் சேரும். மாதம் ஒருமுறை போதும், ஆனால் நன்றாகச் சூடாகும்வரை, முப்பது கிலோமீட்டராவது ஓட்டுங்கள். ஓட்டி வந்ததும் ஒவ்வொரு ஹப்பிலும் கை வையுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் கெட்டுக்கொண்டிருக்கிறது.

புதுத்துரு எழுதியது:

இன்று ஓட்டினேன். வீட்டில் எல்லாரும் ஏறினார்கள். பேசவும் செய்தார்கள், சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பின்னால் நண்பர் காரில் வந்தார், கொஞ்ச தூரம் ஆள் இல்லாத வழியில் மறைப்பு விளக்கை (எதிரி கண்ணில் படாமல் இரவில் ஓட்ட ராணுவம் வைத்த மங்கல் விளக்கு) போட்டுப் பார்த்தோம். பக்கத்தில் வந்தால் நான்கு சிவப்புப் புள்ளி, கொஞ்சம் விலகினால் இரண்டு, இன்னும் போனால் ஒன்றுதான் என்றார். அது ஏன்?

ஆனால் ஒரு பிரச்சினை. மேடு ஒன்று வந்ததால் முன்சக்கர டிரைவைப் போட்டேன். தார்ச்சாலையில் வீட்டுக்கு வந்த பிறகு லீவரை விடுவிக்க முடியவில்லை. ஸ்டீயரிங்கும் இறுகிக் கிடக்கிறது. ஏதாவது உடைந்துவிட்டதா?

ஆறுக்குஆறு எழுதியது:

விளக்குக் கணக்கு: இரண்டு இரண்டு புள்ளியாக நெருக்கி வைத்திருப்பதால் தூரம் போகப் போக ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். 60 அடியில் இருந்து 180 அடிவரை இரண்டாகத் தெரியும். பின்னால் வருகிறவனுக்கு உத்தரவு, எப்போதும் இரண்டு தெரிகிற மாதிரி ஓட்டு என்பதுதான். நான்கு தெரிந்தால் நெருங்கிவிட்டாய், ஒன்று தெரிந்தால் பின்தங்கிவிட்டாய்.

கிரீஸ்கை எழுதியது:

உடையவில்லை தம்பி. இதில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிபரன்சியல் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரம் அதிக தூரம் ஓடும், பின்சக்கரம் குறைவாக. மண்ணில் என்றால் டயர் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் வழுக்காது, முறுக்கு எல்லாம் ஷாஃப்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பலம் போட்டு லீவரை இழுக்காதீர்கள். ரிவர்ஸில் மெதுவாகப் பத்தடி போங்கள், லீவரில் லேசாகக் கை வைத்தபடி. வராவிட்டால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி ஓட்டிப் பாருங்கள்.

புதுத்துரு எழுதியது:

ரிவர்ஸில் ஆறாவது அடியிலேயே ‘டக்’ என்று விட்டுக்கொண்டது. ஹப்பெல்லாம் தொட்டுப் பார்த்தேன், இடது பின்னால் மட்டும் கொஞ்சம் சூடு. நாளைக்குக் காலையில் கட்டை போட்டு, காற்றை விட்டு, திறக்கிறேன்.